கள்ளுக்கடை

கள்ளுக்கடை என்பது பனை, தென்னை, ஈச்சை ஆகிய மரங்களின் பாளையிலிருந்து இறக்கப்படும் கள்ளை, உடன் உண்ணும் கறி, மீன் முதலியவற்றோடு விற்கும் ஊர்க்கடை ஆகும். தமிழ்நாட்டில் இது கள்ளுக்கடை என்றும், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தவறணை என்றும், கேரளத்தில் ஷாப்பு என்றும் வழங்கப்படுகிறது. குடிப்பதற்கு மட்டும் அல்லாமல், உண்பதற்கும், வேலை முடிந்து அமர்வதற்கும், ஊர்ச்செய்தி பேசுவதற்கும் உரிய இடமாக இது இருந்தது. தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளதால், கோடியக்கரை உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களில் இன்று கள்ளுக்கடை இல்லை. ஆனால் அதே படுகையில் உள்ள காரைக்காலிலும், கோடியக்கரைக்கு எதிரே பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணத்திலும் அது இன்றும் நடைபெறுகிறது.

பெயரும் ஒப்பீடும்

"கள்" என்பது சங்க இலக்கியம் முதல் இன்றுவரை மாறாமல் வழங்கும் சொல். பழைய நூல்களில் நறவு, தேறல், மட்டு, பிழி முதலிய சொற்களும் உள்ளன. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்றும், பிழிந்து எடுத்ததற்குப் பிழி என்றும் பெயர். கள் குடிக்கும் சிறு மண்கலம் மொந்தை எனப்பட்டது. "பழைய கள், புதிய மொந்தை" என்ற வழக்கு, மொந்தை மறைந்த பின்னும் மேடைப் பேச்சில் நிலைத்துவிட்டது. ஈரோட்டில் உள்ள கள்ளுக்கடைமேடு போன்ற இடப்பெயர்கள், கடை மறைந்த பின்னும் அதன் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வழங்கும் "தவறணை" என்பது ஐரோப்பியர் வழியாக வந்த சொல். போர்த்துக்கேய மொழியிலும் ஆங்கிலத்திலும் மதுக்கடையைக் குறிக்கும் "தவெர்னா", "டாவர்ன்" ஆகியவற்றோடு இது உறவுடையது. கேரளத்தின் "ஷாப்பு" ஆங்கிலச் சொல்லின் மருவு.

இங்கிலாந்தில் ஊர்தோறும் இருக்கும் "பப்" என்ற மதுக்கடையோடு கள்ளுக்கடையை ஒப்பிடலாம். அங்கு 1991இல் இலண்டன் நகரின் கிளார்க்கன்வெல் பகுதியில் "தி ஈகிள்" என்ற பழைய பப், நல்ல சமையலை முதன்மைப்படுத்தி நடத்தப்பட்டபோது "கேஸ்ட்ரோபப்" என்ற புதுச்சொல் பிறந்தது. மதுவும் உணவும் சூழலும் ஒரே கூரையின் கீழ் அமைவது அங்கே புதுமையாகப் பேசப்பட்டது. தமிழ்க் கடற்கரையில் அந்த அமைப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை இலக்கியச் சான்றுகள் காட்டுகின்றன.

கள் உருவாகும் முறை

பனையின் பாளையை இடுக்கி, நசுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிவந்தால் சில நாள்களில் இனிப்பு நீர் சொட்டத் தொடங்கும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் இந்நீர் கிடைக்கும். பாளையின் நுனியில் மண்கலயத்தைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் மரமேறி நீரை இறக்குவர். தமிழ்நாட்டில் பனைநீரின் பருவம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடியில் முடிகிறது. தென்னையில் ஆண்டு முழுவதும் இறக்கலாம்.

பாளையிலிருந்து வடியும் நீரில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டு, அந்நீர் பதநீராகவே இருக்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள இயற்கை ஈஸ்டும் பாக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். மரத்தின் மேலேயே நொதித்தல் தொடங்கிவிடுவதால், இறக்கும்போதே அது இளங்கள்ளாக இருக்கும். ஒரு பகல் பொழுதுக்குள் ஆல்ககால் அளவு சுமார் 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு ஏறும். மேலும் வைத்தால் காடியாகிவிடும்.

பதநீரும் கள்ளும் ஒரே மரத்தின் ஒரே நீர். இரண்டையும் பிரிப்பது கலயத்தில் தடவும் சுண்ணாம்பு மட்டுமே. தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின் பனையேறிகளுக்கு ஏற்பட்ட தொல்லைகளுக்கும் இதுவே காரணம். சுண்ணாம்பு குறைந்த பதநீர், கள் என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாகக் கூடும்.

கள்ளுக்கடையின் அமைப்பு முழுவதையும் இந்த வேதியியலே தீர்மானித்தது. ஒரு நாளுக்கு மேல் தாங்காத பானத்தைத் தொலைதூரம் கொண்டு செல்ல முடியாது. சேமித்து வைக்கவும் முடியாது. எனவே கடை மரத்துக்கு அருகில் இருக்க வேண்டும், மரம் ஏறுபவர் நாள்தோறும் கொண்டுவர வேண்டும், வந்ததை அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். ஏறுபவர், விற்பவர், குடிப்பவர் மூவரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்களாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

சங்க இலக்கியத்தில்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. அந்நகரில் பறந்த பலவகைக் கொடிகளைச் சொல்லும் பகுதியில், கள் விற்கும் மனையின் மீது பறந்த கொடியும் இடம்பெறுகிறது. அந்த மனையின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் நறுக்கிப் பொரிக்கும் ஓசை கேட்கிறது. மணல் குவித்து மலர் தூவிய வாயிலில் பலர் புகுகின்றனர். உணவு, பானம், அலங்காரம், விளம்பரக் கொடி, கூட்டம் என ஒரு கடைக்கு உரிய எல்லாம் அந்தச் சில அடிகளில் அடங்கியுள்ளன. அதே நூலில், கடலுக்குப் போகாத நாளில் பரதவர் தாழம்பூச் சூடி, பனங்கள் குடித்து மகிழ்வதும் கூறப்படுகிறது.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரில் நுளையர் பெண் வடித்த பழைய தேறலும், சுட்ட உலர்மீனும் பாணருக்குக் கிடைக்கும் விருந்தாகச் சொல்லப்படுகின்றன. கள்ளும் கருவாடும் இணைந்த உணவுமுறை நெய்தல் நிலத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று. கள்ளை வடிப்பவர் பெண் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

இதற்கு எதிர்க்குரலும் தமிழில் பழமையானதே. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான "கள்ளுண்ணாமை" பத்துக் குறள்களிலும் குடிப்பவரின் மதிப்பிழப்பைப் பேசுகிறது. கள்ளைக் கொண்டாடும் மரபும் கண்டிக்கும் மரபும் தமிழில் நெடுங்காலமாக அருகருகே இருந்துவந்துள்ளன.

சோழர் காலம்

சோழர் ஆட்சியில் கள் இறக்கும் தொழில் வரிக்கு உட்பட்டிருந்தது. கள் இறக்குவோர் ஈழவர் எனப்பட்டனர். அவர்கள் செலுத்திய வரி ஈழப்பூட்சி எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்களில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்ற விதியைப் பல்லவர், சோழர் காலச் செப்பேடுகள் சிலவற்றில் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது, கள் இறக்குவோர் குடியிருப்பான ஈழச்சேரியையும் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காவிரிப் படுகையின் ஊர் அமைப்பில் கள் இறக்குவோர்க்கென ஒரு தனிச்சேரி இருந்ததும், அது ஊரிலிருந்து பிரித்து வைக்கப்பட்டதும் இதனால் தெரிகின்றன.

கடையின் உணவு

கள்ளின் சுவை இனிப்பும் புளிப்பும் கலந்தது. அதற்கு ஏற்ற துணை, உப்பும் காரமும் மிகுந்த உணவு. அதிலும் குறிப்பாக மலிவானது, உள்ளூரில் கிடைப்பது, கையால் எடுத்துத் தின்ன எளிதானது. கடற்கரை ஊர்களில் சுட்ட கருவாடு, பொரித்த மீன், நண்டு, இறால் ஆகியவையும், வயல் சார்ந்த ஊர்களில் நத்தைக் கறி, வயல் நண்டு, விரால் மீன், ஆட்டுக் குடல் கறி, இரத்தப் பொரியல், அவித்த முட்டை, மொச்சை, சுண்டல் ஆகியவையும் கள்ளோடு உண்ணப்பட்டவை. இவற்றுள் நத்தையும் வயல் நண்டும் காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளர் உணவில் முக்கிய இடம் பெற்றவை. நடவும் களையெடுப்பும் நடக்கும் வயலிலிருந்தே அவை கிடைத்தன.

கள் குடிப்பதற்கு மட்டும் பயன்படவில்லை. அரிசி மாவைப் புளிக்க வைக்க அது சிறந்த ஊக்கியாகும். யாழ்ப்பாணத்து அப்பமும், கேரளத்துக் கள்ளப்பமும் கள் சேர்த்துப் புளிக்க வைத்த மாவால் செய்யப்படுபவை. முற்றிப் புளித்த கள் காடியாகச் சமையலில் பயன்படுகிறது.

கேரளத்தில் ஷாப்பு உணவு ஒரு தனிச் சமையல் வகையாகவே வளர்ந்துள்ளது. அவித்த மரவள்ளிக் கிழங்கும், குடம்புளி இட்ட சிவந்த மீன்குழம்பும் அதன் அடையாளம். குட்டநாட்டுப் பகுதியில் வாத்துக் கறியும் கரிமீன் வறுவலும் சேர்கின்றன. கள் குடிக்காதவர்களும் குடும்பத்தோடு சென்று உணவு மட்டும் உண்ணும் கடைகள் அங்கு இப்போது உள்ளன.

கடையின் சூழல்

கள்ளுக்கடை பொதுவாக ஊரின் ஓரத்தில், தோப்பை ஒட்டி இருந்தது. பனையோலைக் கூரை, மண் அல்லது மணல் தரை, ஒன்றிரண்டு பலகைகள், பானைகள், அளக்கும் குவளை ஆகியவையே அதன் தளவாடம். தமிழ்நாட்டில் மொந்தையிலும் கலயத்திலும் பனையோலைப் பட்டையிலும் குடித்தனர். யாழ்ப்பாணத்தில் பனையோலையை மடித்துச் செய்யும் "பிளா" என்ற கலம் கள்ளுக்கும் கூழுக்கும் உரியது. ஒருமுறை குடித்துவிட்டு எறிந்துவிடலாம் என்பதால் கலத்தைக் கழுவும் வேலை இல்லை.

வேலை முடிந்து கூலி வாங்கியவர்கள் கூடும் இடம் என்பதால், மறுநாள் வேலைக்கு ஆள் பேசுவதும், கூலி நிலவரம் அறிவதும், கடன் கொடுத்தல் வாங்குதலும், சண்டையும் சமாதானமும் அங்கே நடந்தன. தெம்மாங்கும் கதையும் அங்கே பாடப்பட்டன. நிலமற்ற தொழிலாளர்க்கு ஊர்ச்சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ சமமாக அமர இடம் இல்லாத காலத்தில், தடையின்றி உட்காரக் கிடைத்த சில இடங்களுள் கள்ளுக்கடையும் ஒன்று.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்கும் எல்லை இருந்தது. கள் இறக்குவோர் எல்லா இடங்களிலும் சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டனர். தென் தமிழ்நாட்டில் நாடார்கள், கேரளத்தில் ஈழவர்கள், யாழ்ப்பாணத்தில் நளவர்கள் ஆகியோர் இத்தொழிலோடு இணைத்து இழிவுபடுத்தப்பட்டனர். அவர்கள் இறக்கிய கள்ளை உயர்த்தப்பட்ட சாதியினர் குடித்தபோதும், அவர்களைத் தம் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடவில்லை. எனவே இத்தொழிலைக் கைவிடுவதே முன்னேற்றத்தின் வழி என அச்சமூகங்களின் தலைவர்கள் கருதினர். 1910இல் தொடங்கப்பட்ட நாடார் மகாசன சங்கம், கள் இறக்குவதை விட்டுவிடும்படி தம் மக்களை வலியுறுத்தியது. ஸ்ரீ நாராயண குரு மது செய்யவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்று ஈழவர்களுக்கு அறிவுறுத்தினார்.

பெண்களின் நிலையும் இதில் சேர்த்து எண்ணத்தக்கது. சங்க காலப் பாடல்களில் கள் வடிப்பவராகவும் விற்பவராகவும் தோன்றும் பெண், பிற்காலக் கள்ளுக்கடையில் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நின்றாள். அன்றாடக் கூலி கடையிலேயே கரைந்தபோது உலை ஏற்ற அரிசி இல்லாமல் தவித்தவள் அவளே. மதுவுக்கு எதிரான போராட்டங்களில் பெண்கள் முன்னின்றதற்கு இதுவே அடிப்படை.

வரியும் மறியலும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளுக்கடை அரசின் வருவாய்க் கருவியாயிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மரத்துக்கு வரியும், கடைக்கு ஏலமும் விதிக்கப்பட்டன. மரமேறி தன் ஊரில் விற்ற பானம், ஏலம் எடுத்த குத்தகைதாரரின் சரக்காக மாறியது. ஏலத் தொகையை மீட்க வேண்டிய குத்தகைதாரருக்கு, குடிப்பவர் எவ்வளவு கூடுகிறாரோ அவ்வளவு ஆதாயம். மது வருவாய், சென்னை மாகாண அரசின் மிகப் பெரிய வருவாய் இனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

இதனால் கள்ளுக்கடை எதிர்ப்பு, ஒழுக்கச் சீர்திருத்தமாகவும் அரசியல் போராட்டமாகவும் ஒரே நேரத்தில் அமைந்தது. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈரோட்டில் ஈ. வெ. இராமசாமி தலைமையில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அவர் கைதான பின், அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும் மறியலைத் தொடர்ந்தனர். சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமாக இருந்த தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை அவர் வெட்டச் செய்தார்.

சி. இராசகோபாலாச்சாரி திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் "விமோசனம்" என்ற மதுவிலக்கு இதழை நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அதில் பணியாற்றினார். 1930 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வேதாரண்யம் வந்து, கோடியக்கரை செல்லும் வழியில் உள்ள அகத்தியம்பள்ளியில் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். அவ்வாண்டின் போராட்டத்தில் உப்பும் மதுவும் இணைந்தே பேசப்பட்டன. முழு மதுவிலக்கு, காந்தி அரசின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் ஒன்று. மதுக்கடை மறியலைப் பெண்கள் ஏற்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

மதுவிலக்கும் அதன் மாற்றங்களும்

1937இல் சென்னை மாகாண முதலமைச்சரான இராசகோபாலாச்சாரி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்தடுத்து வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் இந்திய மாநிலங்களின் முதன்மை வருவாயாக வளர்ந்த விற்பனை வரிக்கு இதுவே முன்னோடி. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபரில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பின் 47ஆவது பிரிவும் மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது.

1971இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் திறக்கப்பட்டன. 1973இல் கள்ளுக்கடைகளும், 1974இல் சாராயக் கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அவை திரும்பத் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமான டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலைகளில் தயாராகும் மதுவகைகள் மட்டும் தொடர்ந்தன. 2003 முதல் அவற்றின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

கள்ளில் மயக்க மாத்திரை, குளோரல் ஹைட்ரேட் முதலிய வேதிப்பொருள்களைக் கலப்பது தடையை ஆதரிப்போர் முன்வைக்கும் முக்கியக் காரணம். கள் விரைவில் கெடுவதாலும், பல மரங்களிலிருந்து சிறு அளவில் வருவதாலும் அதன் தரத்தைக் கண்காணிப்பது கடினம். தேவை மிகுந்து உற்பத்தி குறையும்போது நீரும் சாக்கரினும் மயக்கப் பொருளும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. கள் விற்பனை சட்டப்படி நடக்கும் தெலங்கானாவில் கலப்படக் கள்ளால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன.

கள்ளுக்கடையின் இடத்தில் வந்தது வேறுவகைக் கடை. டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் போன்றவற்றில் ஆல்ககால் 42.8 விழுக்காடு, கள்ளில் இருப்பதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அது கெடாது, தொலைவிலுள்ள ஆலையிலிருந்து லாரியில் வரும், எந்த ஊரிலும் ஒரே சரக்காக இருக்கும். வாங்குபவர் கம்பிவலைக்கு வெளியே நின்று புட்டியை வாங்கிக்கொண்டு, ஒட்டியுள்ள பாரிலோ சாலையோரத்திலோ விரைவாகக் குடித்துவிட்டுச் செல்கிறார். 2023இல் 500 கடைகள் மூடப்பட்ட பின்னும் தமிழ்நாட்டில் 4,800க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் இருந்தன. 2023–24 நிதியாண்டில் அரசுக்கு இதனால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

கோடியக்கரையும் காரைக்காலும்

கோடியக்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தின் வேதாரண்யம் வட்டத்தில், கடற்கரை தெற்கு நோக்கிச் சென்று மேற்கே திரும்பும் முனையில் உள்ளது. வெளிமான்களுக்காக 1967இல் அறிவிக்கப்பட்ட காட்டுயிர் சரணாலயமும், உப்பளங்களும், மீன்பிடித் துறையும் அதைச் சூழ்ந்துள்ளன. ஐப்பசி முதல் சில மாதங்கள் நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி மீனவர்கள் இங்கு வந்து தங்கி மீன் பிடிக்கின்றனர். பட்டினப்பாலை சொல்லும் பனையும் மீனும் பரதவரும் இங்கு உண்டு. கள் மட்டும் சட்டத்துக்கு வெளியே உள்ளது.

வேதாரண்யத்திலிருந்து வடக்கே நாகப்பட்டினமும் நாகூரும் கடந்தால் வாஞ்சூர் வருகிறது. அங்கிருந்து புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் தொடங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அப்பகுதிக்குச் சென்னை மாகாண மதுவிலக்கு பொருந்தவில்லை. இன்றும் அங்கு கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் அரசு ஏலத்தின் மூலம் நடத்தப்படுகின்றன. மண், மொழி, உணவு, மரம் எல்லாம் ஒன்றாக இருந்தும், ஒரு சோதனைச் சாவடிக்கு இப்புறம் குற்றமாக இருப்பது அப்புறம் உரிமம் பெற்ற தொழிலாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தவறணை

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்தின் வட கரை கடல்வழியே அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. பனை யாழ்ப்பாணத்தின் அடையாள மரம். இலங்கையிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மது எதிர்ப்பு இயக்கம் வலுவாக இருந்தது. ஊர்மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடச் செய்யும் முறையும் அங்கு இருந்தது. ஆனால் முழுத் தடை என்ற பாதையை அந்நாடு எடுக்கவில்லை.

1970களில் பனை, தென்னைத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக அமைக்கப்பட்டனர். இறக்கிய கள்ளை உறுப்பினர் சங்கத்துக்கு அளப்பதும், சங்கம் தன் தவறணைகள் வழியே விற்பதும் வழக்கமாயின. விற்று மீந்த கள் வீணாகாமல் வடிசாலைக்குச் சென்று பனஞ்சாராயமாகிறது. வடமராட்சியில் உள்ள திக்கம் வடிசாலை இதற்கென அமைந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்பதும் ஏற்றுமதி செய்வதும் பின்னர் வளர்ந்தன. குத்தகைதாரரின் இடத்தில் மரமேறிகளின் சங்கம் அமர்ந்தது இம்முறையின் முக்கியமான வேறுபாடு. உள்நாட்டுப் போரில் பெருமளவு பனைகள் அழிந்ததும், இளைஞர்கள் மரம் ஏற முன்வராததும் இன்றைய சிக்கல்கள்.

கேரளத்தில் தொழிற்சங்கங்கள் இப்பங்கை ஆற்றின. 1969ஆம் ஆண்டின் கேரளக் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம், மரம் ஏறுபவர்க்கும் கடையில் வேலை செய்பவர்க்கும் நலநிதி அமைப்பை உருவாக்கியது.

தொடரும் விவாதம்

தமிழ்நாட்டில் கள்ளுக்குள்ள தடையை நீக்க வேண்டும் என்று செ. நல்லசாமியைக் கள ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட தமிழ்நாடு கள் இயக்கமும், பல உழவர் அமைப்புகளும் நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. கள் உணவின் ஒரு பகுதி, அதை இறக்குவது உழவர் உரிமை, அதன் வருவாய் ஊரிலேயே தங்கும், ஆலை மதுவை விற்கும் அரசு கள்ளை மட்டும் தடுப்பது முரண் என்பன அவர்கள் வாதங்கள். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது இக்கோரிக்கை மீண்டும் எழுந்தது. டாஸ்மாக் விலை கட்டாத ஏழைத் தொழிலாளர் கள்ளச்சாராயத்தை நாடுகின்றனர்; அவர்களுக்குக் கள் குறைந்த தீங்குள்ள மாற்று என்று ஆதரவாளர்கள் கூறினர்.

எதிர்த்தரப்பு, குறைந்த தீங்கும் தீங்கே என்கிறது. கலப்படத்தைத் தடுக்கும் வழி உறுதியாகாமல் கடையைத் திறப்பது ஆபத்து என்றும், டாஸ்மாக்கோடு கள்ளுக்கடையும் சேர்ந்தால் குடி கூடுமே தவிரக் குறையாது என்றும் அது வாதிடுகிறது. மரம் ஏறுவது உயிருக்கு ஆபத்தான வேலை என்பதையும், அதைச் சாதித் தொழிலாக மீண்டும் நிலைநிறுத்தக் கூடாது என்பதையும் சமூகநீதி நோக்கில் எழுதுவோர் சுட்டுகின்றனர்.

இரு தரப்பும் ஒன்றுபடும் இடம் பனைமரம். அது தமிழ்நாட்டின் மாநில மரம். ஏறுபவர் இல்லாத பனை பயனற்றதாகக் கருதப்பட்டுச் செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. பதநீரும் கருப்பட்டியும் தடையின்றி விற்கலாம் என்றாலும், பருவத்தில் நாளுக்கு இருமுறை பல மரங்கள் ஏறி இறங்கும் உழைப்புக்கு அவை தரும் கூலி குறைவு என்பதால் அடுத்த தலைமுறை அத்தொழிலுக்கு வரவில்லை. தடை நீங்கினாலும் நீங்காவிட்டாலும், பாளை சீவத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால் கள்ளும் பதநீரும் ஒருசேர இல்லாமல் போகும். எனவே கள்ளுக்கடை பற்றிய கேள்வி, குடி பற்றியது மட்டும் அன்று. அந்தக் கைத்திறனை யார், எந்த மதிப்போடு, எந்தக் கூலிக்குத் தொடர்வார் என்பதும் அதில் அடங்கியுள்ளது.